அட்மிஷன் சீசன்: டீச்சர் பதில்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கடிதங்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால், விவரம் முழுதாக எழுதியிருக்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளின் பெயரைப் போடுவதில்லை என்பது இந்தப் பகுதியின் வழக்கம். ஊர் மட்டும் போதும். நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். மற்ற துறைக் கேள்விகளை, அந்தத் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவிகளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கேள்வி: தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மகள் பிளஸ் டூவில் 600-க்கு 512 மார்க். கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 82. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். தெரிந்த கன்சல்டன்சிக்காரர் ஒருவர், "இந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் வராது, கோவைப் பக்கம் ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறேன், நாலு வருடத்துக்கும் சேர்த்து ஐந்தரை லட்சம், 25,000 முன்பணம் கட்டிவிடுங்கள்" என்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் படித்தவர் யாரும் இல்லை. கட்டலாமா?
ஒரு தந்தை, கோவில்பட்டி

பதில்: கட்டாதீர்கள் அண்ணாச்சி. கவுன்சலிங் முடியும் வரை யாருக்கும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பொறியியல் கவுன்சலிங்குக்கு 512 என்ற எண்ணை யாரும் கேட்கப் போவதில்லை. கணிதம் அப்படியே 86. இயற்பியலில் பாதி 39. வேதியியலில் பாதி 41. மூன்றையும் கூட்டினால் 200-க்கு 166. இதுதான் உங்கள் மகளின் கட்-ஆஃப். சமீப வருடங்களில் 166 எடுத்த பிள்ளைகள் இரண்டாவது சுற்றில் வந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே மூன்றாவது சுற்று முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் சீட் கிடைத்தது. "ஒன்றும் வராது" என்பது பயமுறுத்திக் காசு பார்க்கிற பேச்சு.

அடுத்தது சாய்ஸ் பட்டியல். பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை. கம்ப்யூட்டர் உங்கள் மகளின் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். அவள் முறை வரும்போது முதல் வரிசையில் உள்ள காலேஜில், அந்தப் பிரிவில், பொதுப் பிரிவிலோ அவளுடைய சாதிப் பிரிவிலோ இடம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால்தான் அடுத்த வரி. அதனால் "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான காலேஜை மேலே போட்டால், அதுதான் கிடைக்கும். கீழே இருக்கிற நல்ல காலேஜை அது எட்டிக்கூடப் பார்க்காது. கிடைக்குமோ கிடைக்காதோ, ஆசைப்பட்டதை ஆசைப்பட்ட வரிசையில் எழுதுங்கள். நிச்சயமானவை கடைசியில் இருக்கட்டும். ஐம்பது, அறுபது சாய்ஸ் போனாலும் தப்பில்லை.

பட்டியல் போடும்போது காலேஜ் பெயரை நம்பாதீர்கள், கவுன்சலிங்கில் அந்தக் காலேஜுக்குக் கொடுத்திருக்கும் கோடு எண்ணைப் பாருங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே புனிதர் பெயரில், ஓர் எழுத்து வித்தியாசத்தில் காலேஜ்கள் இருக்கின்றன. என் மாணவி ஒருத்தி பக்கத்து மாவட்டம் என்று நினைத்துப் போட்டது, ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊராக இருந்தது. ஒரு நோட்டில் கோடு, காலேஜ், ஊர், பிரிவு என்று நாலு கட்டம் போட்டு முதலில் கையால் எழுதுங்கள். அப்புறம் இணையத்தில் ஏற்றுங்கள். கடவுச்சொல்லை எந்தக் கன்சல்டன்சிக்காரர் கையிலும் கொடுக்க வேண்டாம். வீட்டில் வசதி இல்லாவிட்டால் அரசு அமைத்திருக்கும் உதவி மையங்களிலேயே இலவசமாகச் செய்து தருவார்கள்.

ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில வாய்ப்புகள் காட்டும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று கொடுக்கலாம். இது இருக்கட்டும், பட்டியலில் மேலே உள்ளது காலியானால் அதற்கு மாற்றிக்கொள்கிறேன் என்றும் கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுத்தால் மாறினாலும் மாறும், மாறாவிட்டால் கையில் இருப்பது போகாது. ஆனால் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் இடம் போய்விடும். அந்த வாரம் மட்டும் தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பட்டம் படித்தவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரிய விஷயம், கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள்! முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் இன்றே எழுதிப் போடுங்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. கன்சல்டன்சிக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டாரே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை, அதில் ஏமாற வேண்டாம். ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். அது உங்கள் மகளுக்கு உண்டு.

கடைசியாக, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று யார் சொன்னது, மகளா, கன்சல்டன்சிக்காரரா? தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிக்கலோ கிடைத்தால், ஐந்தரை லட்சம் கொடுத்து வாங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட அதையே எடுக்கச் சொல்வேன். ஐ.டி. கம்பெனிகள் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. தனியார் காலேஜ் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடும் தேர்ச்சி சதவீதப் பட்டியலில் அந்தக் கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பேனரில் இருக்கும் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அது ஒரு பிள்ளை வாங்கிய சம்பளம். காலேஜ் வாசல் டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன் ஒருவனைப் பிடித்து, எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது, லேப் திறந்திருக்கிறதா, வாத்தியார்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்தேன். நீட்டில் 318. உயிரியல் 210, வேதியியல் 78, இயற்பியல் 30. பிளஸ் டூவில் உயிரியல் 91, இயற்பியல் 80, வேதியியல் 85. ஒரு வருடம் உட்கார்ந்து மறுபடி எழுதலாமா? அப்பா "டாக்டர் இல்லாவிட்டால் கல்யாணம்" என்கிறார்.
ஒரு மாணவி, அரூர்

பதில்: கண்ணு, உன் இயற்பியல் மார்க்கைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 180-க்கு 30. பிளஸ் டூவில் 80 வாங்கியவள் நீட்டில் 30 வாங்குகிறாள் என்றால், பாடம் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. கணக்கை வேகமாகப் போடத் தெரியவில்லை, தெரியாத கேள்வியையும் குத்துமதிப்பாகத் தொட்டிருக்கிறாய், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் போயிருக்கிறது. இது ஒரு வருடத்தில் சரியாகக்கூடியது. உயிரியல் 360-க்கு 210 என்பதும் ஏறக்கூடியதுதான். அதனால் ஒரே ஒரு தடவை மறுபடி எழுது என்று சொல்வேன். இரண்டாவது தடவைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்து எழுதாதே. இந்த ஜூனிலேயே மற்ற வாசல்களையும் தட்டிவிடு. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும்தான் நீட் பார்ப்பார்கள். கட்-ஆஃப் கணக்கு, உயிரியல் முழுதாக 91, மற்ற இரண்டிலும் பாதி பாதி 40, 42.5. மொத்தம் 173.5. பொதுப் போட்டியில் இது சிரமம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் நீ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு கால்நடை, வேளாண்மை, மீன்வளம் எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த வரிசை தனி. தவிர, அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பி.எஸ்சி. நர்சிங் போன்ற படிப்புகளுக்கும் தனி விண்ணப்பம், அதுவும் மார்க் அடிப்படையில்தான்.

ஒன்று செய். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போ. மாடு கன்று ஈனச் சிரமப்படும்போது டாக்டர் தோள் வரைக்கும் உறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டு, கன்றின் முன்கால் எது, பின்கால் எது என்று தடவிப் பார்த்துத் திருப்புவார். சாணி, ரத்தம், மாட்டுக்காரரின் அழுகை எல்லாம் ஒரே இடத்தில். உனக்கு அங்கிருந்து ஓடத் தோன்றுகிறதா, இன்னும் கிட்டே போய்ப் பார்க்கத் தோன்றுகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். கிட்டே போகத் தோன்றினால் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையே என்று நீ ஒரு நாளும் வருத்தப்பட மாட்டாய். ஐந்தரை வருடப் படிப்பு, பெயருக்கு முன்னால் டாக்டரும் போட்டுக்கொள்ளலாம்.

கல்யாணப் பேச்சை அப்பாவிடம் இப்படிச் சொல்: கால்நடை டாக்டரும் டாக்டர்தான் என்று டீச்சர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டினாலும் சரி.

கேள்வி: வணிகவியல் பிரிவு, தமிழ் வழி, 534 மார்க். சி.ஏ. படிக்க ஆசை. "அதெல்லாம் சென்னையில் இங்கிலீஷ் மீடியம் படித்தவர்களுக்கு" என்கிறார்கள். பி.காம். போதுமா?
ஒரு மாணவி, அறந்தாங்கி

பதில்: "அதெல்லாம் அவர்களுக்கு" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் சி.ஏ. பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

சி.ஏ. என்கிற ஆடிட்டர் படிப்புக்குள் போக இரண்டு வாசல். ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு. கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், கணிதம் புள்ளியியல் சேர்ந்த திறன் தாள், பொருளாதாரம் என்று நாலு தாள், தலா 100. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 200 வாங்க வேண்டும். கடைசி இரண்டு தாளும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, தப்புக்குக் கால் மார்க் போகும். 2024-இலிருந்து வருடத்துக்கு மூன்று தடவை நடக்கிறது. இன்னொரு வாசல், பி.காம். முடித்து 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட் போகலாம். இதைத்தான் யாரும் உனக்குச் சொல்லவில்லை.

ஆகவே பி.காம். போதுமா, சி.ஏ.வா என்று இரண்டில் ஒன்றாக யோசிக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர். கூடவே ஃபவுண்டேஷனை எழுதிப் பார். வந்தால் மூன்று வருடம் மிச்சம். வராவிட்டால் பட்டம் கையில் இருக்கும், இரண்டாவது வாசல் திறந்தே இருக்கும்.

தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான், தமிழில் இல்லை. இதுதான் உனக்கு உண்மையான தடை, இதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு தாளில் விடையை விரித்து எழுத வேண்டும். சட்டத் தாளில் ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று ஆங்கிலத்தில் நாலு வரி காரணம் எழுதப் பழக வேண்டும். சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தன் பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது, வகுப்புகளையும் இலவசமாக நடத்துகிறது. சட்டப் புத்தகத்தைத் திறந்து தினமும் ஒரு பக்கம் பார்த்து எழுது. புரியாவிட்டாலும் எழுது. மூன்று மாதத்தில் வாக்கியம் கைக்கு வந்துவிடும். ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குக் காசு கட்டாதே. உனக்கு வேண்டியது பேச்சு இல்லை.

இன்டர்மீடியட் முடிந்ததும் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற வேலைப் பயிற்சி. முன்பு மூன்று வருடமாக இருந்தது, 2023 ஜூலையில் வந்த புதிய முறையில் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அங்கே என்ன வேலை என்று என் மாணவியைக் கேட்டேன். சிரித்தாள். மார்ச் 31 ராத்திரி அரிசி ஆலைக் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாளாம். எண்ணி முடித்தால் கணக்குப் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைகிறது. மேனேஜர் "எலி தின்றிருக்கும் மேடம்" என்றாராம். அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, ஏற்றுமதி ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்த லாரிக்கு ரசீதே போடவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட் என்று வெளியூரில் பத்து நாள் தங்கல். உதவித்தொகை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். வெளியூர்த் தங்கலை வீட்டில் இப்போதே சொல்லிவை. பாதிப் பெண் பிள்ளைகள் படிப்பில் தோற்பதில்லை, இந்த இடத்தில் வீட்டார் நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: எந்தப் படிப்பு படித்தால் வேலை நிச்சயம்?
ஒரு மாணவர், செய்யாறு

பதில்: அப்படி ஒரு படிப்பு இருந்தால் எங்கள் பள்ளியில் எல்லாரையும் அதிலேயே சேர்த்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன், தம்பி. உன் மார்க், பிடித்த பாடம், வீட்டில் எவ்வளவு செலவு செய்ய முடியும், இந்த மூன்றையும் எழுதி மறுபடி அனுப்பு.

கேள்வி: மகன் பிளஸ் டூவில் கணிதத்திலும் இயற்பியலிலும் ஃபெயில். புத்தகத்தைத் தொடுவதில்லை. எதிர்வீட்டு மெக்கானிக் ஷெட்டிலேயே கிடக்கிறான். ஐ.டி.ஐ. சேர்க்கலாம் என்கிறார் என் தம்பி. சொந்தபந்தம் எல்லாம் இன்ஜினியர், நாங்கள் எப்படி ஐ.டி.ஐ. என்று சொல்வது?
ஒரு தாய், துறையூர்

பதில்: அம்மா, உங்கள் தம்பி விவரமானவர். சொந்தபந்தத்தை விடுங்கள், வண்டி ரிப்பேரானால் அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

முதலில் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டிவிடுங்கள். படிக்கிறானோ இல்லையோ, போய் எழுதட்டும். பாஸானால் பின்னால் உதவும். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பே போதும், பிளஸ் டூ ஃபெயில் தடையில்லை. மோட்டார் வாகன மெக்கானிக், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்தான். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் ஐ.டி.ஐ.க்குப் பொருந்தும்.

பழைய ஐ.டி.ஐ. மாதிரி துருப்பிடித்த லேத் ஒன்று மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் எந்திரங்களும் ரோபோவும் வந்திருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். மின் வாகன மெக்கானிக் என்றே தனிப் பிரிவு வந்துவிட்டது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் ஷெட்டில் கார்புரேட்டர் கழற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பிரிவையும் ஒரு தடவை காட்டுங்கள். கார்புரேட்டர் காலம் முடிந்துவிட்டது.

இரண்டு வருடம் முடித்ததும் ஏதாவது தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். திருச்சி பெல் உங்களுக்குப் பக்கம்தானே, அங்கேயும் எடுக்கிறார்கள். அப்புறம் படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ. இரண்டாம் வருடம். இன்ஜினியர்தான் வேண்டும் என்றால் இந்த வழியிலும் போய்ச் சேரலாம், கொஞ்சம் சுற்று. என்ன ஒன்று, இப்படி வருகிறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருக்கும். வெல்டிங்கில் கை வந்தால், 1975-இலிருந்து திருச்சி பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உயர் அழுத்தக் குழாய் பற்றவைக்கும் பயிற்சி அங்கே கிடைக்கும். எக்ஸ்ரேயில் குறை தெரியாமல் குழாய் ஒட்டத் தெரிந்தவரை எந்த நாட்டிலும் தேடி எடுக்கிறார்கள்.

கேள்வி: அரசு வேலைக்கான குரூப் தேர்வுகள் எழுதுவதுதான் என் எண்ணம். பட்டம் ஏதாவது ஒன்று வேண்டும். பி.ஏ. வரலாறு தமிழ் வழியும் கிடைக்கிறது, தனியார் காலேஜில் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) ஆங்கில வழியும் கிடைக்கிறது. "ஆங்கிலத்தில் படித்தால் மதிப்பு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பத்தாவது வரை தமிழ் வழி, பிளஸ் டூவும் தமிழ் வழி.
ஒரு மாணவர், திருக்கோவிலூர்

பதில்: எண்ணம் உறுதி என்றால் யோசிக்கவே வேண்டாம், தமிழ் வழி வரலாறு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010-இலிருந்து இருக்கிறது. 2020-இல் அதை இறுக்கிவிட்டார்கள். அந்த வேலைக்கு எது கல்வித் தகுதியோ அதுவரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி, அதனால் அதற்கு உனக்கு எப்படியும் உண்டு. குரூப் 1-க்கும் 2-க்கும் பட்டம் தகுதி. ஆங்கில வழிப் பட்டம் வாங்கினால் பன்னிரண்டு வருடம் தமிழில் படித்ததும் அங்கே கணக்கில் வராது. அந்தத் தனியார் காலேஜ்காரர்கள் இதைச் சொல்லவா போகிறார்கள்? தொடக்கப் பள்ளியிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள். பள்ளியை மூடிவிட்டால் அலைய வேண்டிவரும்.

பட்டம் முடியும் வரை காத்திருக்காமல் 18 வயதானதும் குரூப் 4 எழுத ஆரம்பி. 200 கேள்வி, 300 மார்க். பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ்ப் புத்தகங்களை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் தம்பி தங்கையிடம் வாங்கிக்கொள்.

கேள்வி: அப்பா திருமுருகன்பூண்டியில் சிலை வடிப்பவர். நானும் சின்ன வயதிலிருந்து உளி பிடிப்பேன். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் சேர ஆசை. "வீட்டில் இருப்பதை அங்கே போய்க் காசு கொடுத்துப் படிக்கிறாயா" என்கிறார் அப்பா.
ஒரு மாணவி, அவிநாசி

பதில்: இந்த வருடம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான்.

கல்லைத் தட்டிப் பார்த்து நாதத்தை வைத்து ஆண் கல்லா பெண் கல்லா என்று சொல்வது உன் அப்பாவிடமே இருக்கிறது, அதைக் கல்லூரி அவரைவிட நன்றாகச் சொல்லித்தரப் போவதில்லை. அவருக்குக் கையில் இருப்பது உனக்கு நூலிலும் வேண்டும். எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தாளம் (சிலையின் அளவுமுறை), முகம் எத்தனை பங்கு, கருவறை அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆயாதிக் கணக்கு எப்படிப் போடுவது என்பதெல்லாம் அங்கே பாடம். 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி அது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். கற்சிற்பம், மரம், உலோகம், சுதை, ஓவியம் எல்லாவற்றுக்கும் பட்டப் படிப்பு உண்டு. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கில் இது வராது, கல்லூரிக்கே தனியாக விண்ணப்பம் போட வேண்டும். அரசுக் கட்டணம்தான், அப்பா பயப்படும் அளவுக்குக் காசு இல்லை.

பட்டம் இருந்தால் அறநிலையத் துறை, தொல்லியல் துறைப் பக்கம் விண்ணப்பிக்கலாம். கோயில் திருப்பணியில் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வரலாம். உன் அப்பா மாதிரி வேலை தெரிந்தவர்கள் கூலிக்குச் செய்து கொடுக்க, வரைபடம் போட்டவர் பெயர் கல்வெட்டில் வருவதை அவரே எத்தனை கும்பாபிஷேகத்தில் பார்த்திருப்பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மாமல்லபுரம் போ. பிள்ளைகள் வேலை செய்யும் கூடத்தில் அவரை விட்டுவிட்டு நீ அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கு.

கேள்வி: ஆதாரில் என் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கிறது. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. கவுன்சலிங்கில் தள்ளிவிடுவார்களா?
ஒரு மாணவி, மானாமதுரை

பதில்: இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பதற்காகத் தள்ள மாட்டார்கள். பெயரில் எழுத்தே மாறியிருந்தால்தான் சிக்கல். அப்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்து. ஆதாரைத் திருத்துவது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்த மாதங்கள் ஆகும். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவையில்லை, அதற்கு அலையாதே. வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் புதிதாக எழுதிப் போடு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் உன் சான்றிதழ்கள் கிடந்தால், வெளியே வருவதற்கு முன்னால் அழித்துவிடு.